கட்டிலிலிருந்து குடமுருட்டி வரை

(முதியோர் பராமரிப்பில் ஈடுபட்டிருப்பவர்கள் கூடிய அவையில் பிசியோதெரபி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பெரியம்மாவிலிருந்து தொடங்குகிறேன். வயது எண்பத்து மூன்று. குடமுருட்டி ஆற்றங்கரையில் பிறந்து, அதே கரையில் வாழ்க்கைப்பட்டவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது சென்னைக்கு அழைத்து வந்தோம். அறுவைச் சிகிச்சை முடிந்தது. எலும்பு கூடியது. நடை மட்டும் கூடி வரவில்லை. மகன் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கட்டிலில் படுத்தால் எதிரே சுவர், சுவரில் காலண்டர், பக்கத்தில் டிவி. அந்த அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அது அவருடைய தலைமாட்டில் இருந்தது. வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது என்று அக்கறையோடுதான் கட்டிலை அப்படிப் போட்டிருந்தார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் நான் போவேன். "காலை மடக்குங்க பெரியம்மா" என்றால் இரண்டு தரம் மடக்குவார். "போதும்டா, யாருக்காக இதெல்லாம்?" என்பார். படுக்கையில் தானாக எழுந்து உட்கார வைக்க ஐந்து வாரம் முயன்று தோற்றேன்.

ஜூன் மாதத்து மாலை ஒன்றில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தியில் கல்லணையைக் காட்டினார்கள். மதகுகள் மெல்ல உயர்கின்றன. அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீறிட்டு வருகிறது. கரையில் நிற்பவர்கள் பூவும் நெல்லும் தூவுகிறார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. "டேய், தண்ணி விட்டுட்டாங்கடா!" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா இரண்டு முழங்கைகளையும் மெத்தையில் ஊன்றி, கழுத்தைத் தூக்கி, பாதி எழுந்திருந்தார். ஐந்து வாரமாக நான் கேட்ட அசைவு அதுதான். செய்தி வேறெங்கோ தாவிவிட்டது. "இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்றார். செல்பேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரெண்டு மூணு நாள்ல நம்ம வாய்க்காலுக்கு வந்துடும்" என்றார். அன்றிரவு வழக்கத்தைவிட ஒரு இட்லி கூடச் சாப்பிட்டார் என்று அண்ணி சொன்னார்.

ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம் ஒரு உடம்பை எப்படி எழுப்பியது? இந்தக் கேள்விதான் முதியவர்களுக்குத் திரையில் இயற்கையைக் காட்டும் வேலையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது.

'மெய்நிகர்' என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. மெய்க்கு நிகரானது என்று பொருள். காட்டையும் கடலையும் அருவியையும் படமாகவோ, தலையில் மாட்டும் கருவி வழியாகவோ காட்டுவதை மெய்நிகர் இயற்கை என்கிறோம். நல்ல சொல். ஆனால் தமிழில் மெய் என்றால் உண்மை மட்டுமா? உடம்பும் மெய்தான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று புலன்களை எண்ணும்போது முதலில் வருவது தொட்டு உணரும் மெய். திரையில் வரும் காடு கண்ணுக்கும் செவிக்கும் தீனி போடுகிறது. மற்ற மூன்று புலன்களும் பட்டினி. மெய்நிகரில் மெய் இல்லை என்பது முதியவர்களிடம் வேலை செய்கிறவர்களுக்கு வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றாது. எங்கள் வேலையே மெய்யோடுதான்.

ஆராய்ச்சி சொல்வதைப் பார்ப்போம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் அறைகள் வரிசையாக இருந்தன. சில அறைகளின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். சிலவற்றுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர். 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்து, வயதும் பாலும் உடல்நிலையும் ஒத்துப்போகிற இருபத்து மூன்று ஜோடிகளைப் பிரித்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. கடுமையான வலி மருந்து மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 'மனம் சோர்ந்திருக்கிறார், நிறைய ஆறுதல் தேவைப்படுகிறது' என்ற வகைக் குறிப்புகளைச் செவிலியர்கள் சுவர்ப் பக்கத்து நோயாளிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள். நாற்பத்தாறே பேர். ஆனாலும் உலகெங்கும் மருத்துவமனை கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பற்றி யோசிக்க வைத்த கட்டுரை அது.

அதைப் படித்த அன்றே பெரியம்மாவின் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். கால்மாட்டுப் பக்கம் ஜன்னல் வந்தது. ஜன்னலில் தெரிந்தது பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் உச்சிக் கிளை மட்டும்தான். அதற்கே அவர் காக்கைக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே இருக்கிற உங்களிடம் நான் கேட்கக்கூடியது ஒன்று உண்டென்றால் இதுதான்: கருவி எதையும் வாங்கும் முன்னால், உங்கள் வீட்டு முதியவரின் கட்டிலில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? பீரோவின் முதுகா? மின்விசிறியா? அதைத்தான் அவர் நாள் முழுக்கப் பார்க்கிறார்.

ஜன்னலே இல்லாத இடத்தில் திரையை வைத்தால் போதுமா? இதையும் சோதித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. தொண்ணூறு பேர். ஒரு பகுதியினர் நீரூற்றும் மரங்களும் தெரியும் உண்மையான ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே இடத்தில் பெரிய பிளாஸ்மா திரை. வெளியே இருக்கும் அதே காட்சியைக் கேமரா அப்படியே நேரடியாகக் கொண்டுவந்து அதில் காட்டியது. மூன்றாம் பகுதியினருக்குத் திரைச்சீலை மறைத்த வெற்றுச் சுவர். எல்லோருக்கும் சிறு மன அழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்துவிட்டு, இதயத் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இயல்புக்குத் திரும்புகிறது என்று அளந்தார்கள். உண்மையான ஜன்னல் சுவரை வென்றது. திரை வெல்லவில்லை. துடிப்பைப் பொறுத்தவரை திரையும் வெற்றுச் சுவரும் ஒன்றாகவே இருந்தன. ஜன்னலில் நாம் தலையைச் சாய்த்தால் காட்சியும் சாயும்; எட்டிப் பார்த்தால் மூலையில் மறைந்திருப்பது தெரியும். திரையில் அது நடக்காது. உடம்பு நகர்வது வீணாகிறது.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சோர்ந்துபோனேன். பிறகு யோசித்தேன். அந்தத் தொண்ணூறு பேரும் வேலை முடிந்ததும் எழுந்து வெளியே போகக்கூடியவர்கள். கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது. நான் பார்க்கும் மனிதர்களுக்குக் கதவு என்பது மூன்று மாடி தள்ளி இருக்கிறது. இரண்டு நிலைமைகளும் ஒன்றாகாது. எனவே முதியவர்களிடமே செய்த ஆய்வுகளைத் தேடினேன்.

கனடாவில் லோரா அப்பெல் தலைமையிலான குழு 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அறுபத்தாறு முதியவர்கள், சராசரி வயது எண்பதைத் தாண்டியது. உடல் முடியாதவர்களும் நினைவு தடுமாறுகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். தலையில் கருவியை மாட்டி, சுற்றிலும் திரும்பிப் பார்க்கக்கூடிய இயற்கைக் காட்சிகளைக் காட்டினார்கள். சராசரியாக எட்டு நிமிடம் பார்த்தார்கள். தலைசுற்றலோ குழப்பமோ யாருக்கும் வரவில்லை. நான்கில் மூன்று பேர் மறுபடி பார்க்க விரும்பினார்கள். எட்டு நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள். மணிக்கணக்காக மாட்டி வைக்கிற சாமான் இல்லை இது.

ஆஸ்திரேலியாவில் வெண்டி மோயில் குழுவினர் 2018இல் வெளியிட்டது இன்னொன்று. மறதி நோய் உள்ள பத்துப் பேருக்குப் பெரிய திரையில் காடு ஒன்றைக் காட்டினார்கள். கையை அசைத்தால் அந்தக் காட்டில் ஏதாவது நடக்கும். பார்த்தவர்களிடம் மகிழ்ச்சி கூடியது, விழிப்பு கூடியது. கூடவே அச்சமும் பதற்றமும் கூடின. அந்த மூன்றாவது முடிவை மறைக்காமல் எழுதியதற்காகவே அவர்கள்மீது எனக்கு மரியாதை. முதியவர் ஒருவர் சிரிக்கிற படம் மட்டும்தான் விளம்பரத்தில் வரும். இருக்கையின் கையை இறுகப் பிடித்திருக்கும் விரல்கள் படத்தில் வராது.

அந்த விரல்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் எழுபத்தெட்டு வயது ஐயாவுக்குக் கருவியை மாட்டினேன். மலைமேலிருந்து பறந்தபடி எடுத்த படம். எனக்கு அது அற்புதமாகப் பட்டது. அவர் கீழே குனிந்து பார்த்தார். கீழே பள்ளத்தாக்கு, அவருடைய கால் இல்லை. ஒருமுறை விழுந்து தொடையெலும்பு முறிந்தவர் அவர். "என் கால் எங்கே?" என்று அலறிவிட்டார். விழுவது என்றாலே உயிர் நடுங்குகிற மனிதரை அந்தரத்தில் நிறுத்திவிட்டேன். கருவியைக் கழற்றிய பிறகும் இரண்டு பாதங்களையும் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து, ஒரு மனிதர் நிற்கும் உயரத்துக்கு மேலே எடுத்த எந்தப் படத்தையும் நான் காட்டுவதில்லை.

வயதான உடம்புக்கென்று சில கணக்குகள் உண்டு. அந்தத் தலைக்கருவி ஏறக்குறைய அரைக் கிலோ. கழுத்தெலும்பு தேய்ந்தவருக்கு அது பாரம். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவருக்கு அழுத்தும். கண் 'நாம் நகர்கிறோம்' என்று சொல்ல, உட்காதின் சமநிலை உறுப்பு 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொன்னால் குமட்டல் வரும். நகராத கேமரா படம் அதைக் குறைக்கும். கண்வில்லை பழுக்கப் பழுக்க நீல நிறம் மங்கித் தெரியும். காதில் முதலில் தேய்வது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்; சிட்டுக் குருவி போய்விடும், காகமும் தவளையும் மிஞ்சும், தண்ணீர் விழும் ஓசை மிஞ்சும். இதையெல்லாம் யோசித்தால், பெரும்பாலானவர்களுக்குக் கருவியே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. நல்ல டிவியும், ஓரத்தில் கைப்பிடி உள்ள நாற்காலியும், அடியில் பாடல் எதுவும் போடாத படமும் போதும்.

ஆனால் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று எனக்குக் காத்திருந்தது. கடலோர மாவட்டம் ஒன்றில் ஒரு முதியோர் இல்லம். மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூடத்தில் உட்காரவைத்துக் கடற்கரைப் படம் ஒன்றைப் போட்டேன். மெல்லிய அலை, அந்தி வெளிச்சம். உலகம் முழுக்க மனதை அமைதிப்படுத்தும் என்று சொல்லி விற்கிற படங்களில் பாதி அலைப் படம்தான். மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா ஒருவர் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்தேன். "சத்தத்தை நிறுத்து தம்பி" என்றார், முந்தானைக்குள்ளிருந்தே. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையில் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்த அம்மாவின் மகளும் பேரனும் அதில் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்காததுதான் குற்றம்.

பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு எதைப் பார்க்கணும்மா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. "எங்க கொல்லையில ஒரு முருங்கை நின்னுச்சு. அந்த மாதிரி ஏதாவது வச்சிருக்கியா?" என்றார். என்னிடம் நார்வேயின் பனிமலை இருந்தது, ஜப்பானின் மூங்கில் காடு இருந்தது, பவளப்பாறை இருந்தது. முருங்கை இல்லை. அங்கே வேலை செய்யும் பெண் சொன்னார்: "சமையற்கட்டுக்குப் பின்னால ஒரு முருங்கை நிக்குதே சார்." சக்கர நாற்காலியில் அந்த அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனோம். பின்வாசலில் நாலு அங்குல உயரப் படி ஒன்று. நாற்காலி ஏறவில்லை. அந்த ஒரு படியால்தான் வருடக்கணக்காக அந்த மரத்தை அவர் பார்த்ததே இல்லை. பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து வெளியே கொண்டுபோனோம். அடிமரத்தைத் தடவினார். "பூச்சி இருக்கும், தள்ளி நில்லு" என்று என்னைத் தள்ளினார். முருங்கைக் கம்பளிப்பூச்சியின் அரிப்பை மறக்காத கை அது. கீரையை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பலகையின் விலை என்ன, என்னிடமிருந்த கருவியின் விலை என்ன? மெய்நிகர் இயற்கை என்று பேச வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த நாலு அங்குலப் படியைத் தேடிப் பார்க்க வேண்டும். திரையை மாட்டிவிட்டோம், இனிமேல் இவர்களை வெளியே கூட்டிப்போக ஆள் போட வேண்டியதில்லை என்று ஓர் இல்லம் கணக்குப் போடுமானால், அந்தத் திரை சுவரைவிட மோசமானது. வெளியே போக முடிகிறவரை வெளியே கொண்டுபோவதுதான் முறை. முடியாதவருக்கு, மழை நாளுக்கு, எழ விடாத நோய்க்கு, மூவாயிரம் மைல் தள்ளி இருக்கும் சொந்த ஊருக்குத்தான் திரை.

அப்படித் திரை வந்தால் அதில் எது வர வேண்டும், யார் தீர்மானிப்பது? 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்து வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், 'உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் சினிமா பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். இரண்டு மாடியிலும் அதே பச்சைதான். தானே தண்ணீர் ஊற்றியவர்கள்தான் சுறுசுறுப்பானார்கள், கலகலப்பானார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். செடி மட்டும் போதவில்லை. செடி 'என்னுடையது' ஆக வேண்டியிருந்தது.

அதனால் நான் இப்போது படங்களோடு போவதில்லை. கேள்வியோடு போகிறேன். உங்கள் ஊரில் குளம் உண்டா? எந்தத் திசையில் வயல்? பள்ளிக்கூடம் போகும் வழியில் என்ன மரம்? ராபர்ட் பட்லர் என்ற முதியோர் மனநல மருத்துவர் 1963லேயே எழுதினார்: வயதானவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பச் சொல்வது மூளைத் தளர்ச்சி இல்லை, தன் வாழ்க்கையைத் தானே எடுத்துப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் வேலை என்று. அந்த வேலைக்கு ஓர் இடம் வேண்டும். அவரவர் இடம். பேரனோ பேத்தியோ ஊருக்குப் போகும்போது செல்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பேசாமல், ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிட்ட நம் முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தொல்காப்பியர் உயிர்களைப் புலனறிவால் வகைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்தது ஒரே ஓர் அறிவு, தொடுவதை உணரும் அறிவு. மரத்துக்கு இருக்கும் அந்த ஒன்றை எடுத்துவிட்டுத்தான் நாம் திரையில் மரத்தைக் காட்டுகிறோம். கையில் ஏதாவது கொடுங்கள். வயலைப் பார்க்கும்போது ஒரு பிடி நெல்லையோ உமியையோ உள்ளங்கையில் வையுங்கள். தோப்பைக் காட்டும்போது வேப்பிலைக் கொத்து. மழைப் படத்துக்கு, காய்ந்த மண் போட்ட தொட்டி ஒன்றில் தண்ணீர் தெளித்து மூக்கருகே கொண்டுபோங்கள். அந்த வாசனை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளிலிருந்து வருகிறது. மிக மிகச் சிறு அளவையும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அந்த மண்வாசனையையே அத்தராக வடித்து விற்கிறார்கள். நமக்கு அத்தர் வேண்டாம். ஒரு சட்டி மண் போதும். பெயரையே மறந்துவிட்ட ஒரு பாட்டி அந்தச் சட்டியை முகர்ந்துவிட்டு, "துணி காயுது, எடு எடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? நெல்லைக் கையில் வைப்பதற்கு ஒரு கை வேண்டுமே.

பெரியம்மாவிடம் திரும்புகிறேன். அந்த ஆடி மாதம் என் தம்பி ஊரிலிருந்து வீடியோ கால் போட்டான். படம் எடுத்து அனுப்பத்தான் சொல்லியிருந்தேன். அவன் நேராகப் படித்துறைக்கே போய்விட்டான். செல்பேசியைப் பெரியம்மாவின் கண்ணெதிரே பிடித்துக்கொண்டேன். குடமுருட்டி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இடது கைப் பக்கம் திருப்புடா. அரசமரம் இருக்கா?"

"இருக்கு பெரியம்மா. ஒரு கிளையை வெட்டிட்டாங்க."

"எந்தக் கிளை? காட்டு." காட்டினான். உதட்டைப் பிதுக்கினார். "படியை எண்ணு."

எண்ணினான். ஏழு படி வெளியே தெரிந்தது. "இன்னும் நாலு தண்ணிக்குள்ள இருக்கு. நாலாவதுல பாசி, பாத்து இறங்கு" என்றார்.

"இறங்கவா?"

"பின்னே? கால் நனையாம எதுக்குப் போனே?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். படம் ஆடியது. தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பெரியம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு பெரியம்மா."

நான் செல்பேசியைப் பிடித்தபடியே கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். போர்வைக்குள் அவருடைய இரண்டு பாதங்களும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன. விரல்கள் மடங்கின. பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன.